வராதவர்களின் நோட்டு

நீடாமங்கலத்தில் நான் கிளினிக் திறந்தது 1983இல். அப்போது ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. மேஜைமேல் பாதரச பிபி கருவி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீல நிற பெனடிக்ட் கரைசல் பாட்டில், கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்கவைக்க ஒரு பாத்திரம். அவ்வளவுதான். ஈசிஜி மெஷின் கிடையாது. எக்ஸ்ரே என்றால் மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல், பேதி, நடவு நேரத்துச் சேற்றுப்புண், பிள்ளைகளின் சளி. இவர்களைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. வலியோடு வருவார், மருந்து வாங்கிப் போவார், நாலாம் நாள் கடைத்தெருவில் பார்த்துச் சிரிப்பார். அத்தோடு கணக்கு முடிந்தது.

கணக்கு முடியாதவர்கள் வேறு ரகம். காசம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு. இவற்றைக் கண்டுபிடிக்கக் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். கண்டுபிடிப்பது முதல் நாள் வேலை. அதற்குப் பிறகு வரும் இருபது வருடத்தை எப்படி ஓட்டுவது என்பதை நான் நோயாளிகளிடமும் என் கம்பவுண்டரிடமும்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் கற்றுத்தந்ததில் முக்கியமானது இது: இந்த நோய்கள் ஆளை ஏமாற்றுவது உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும் நாளில்தான்.

முதலில் இதைக் காட்டியவர்கள் காசநோயாளிகள். எண்பதுகளின் தொடக்கத்தில் சிகிச்சை ஒரு வருடத்துக்கும் மேல் நீளும். ஐசோநியாசிட், தயாசிட்டசோன் மாத்திரைகள். முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ரிஃபாம்பிசின் வந்திருந்தது, ஆனால் அதன் விலை கூலிக்காரருக்கு எட்டாத உயரம். விவசாயக் கூலி வேலை செய்த ஓர் இளைஞர், மாலையானால் காய்ச்சல், எலும்பும் தோலுமாக வந்தார். சளியில் கிருமி தெரிந்தது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் இருமல் நின்று, எடை கூடி, முகத்தில் களை வந்துவிட்டது. அப்புறம் ஆளைக் காணோம். குறுவை அறுவடை முடிந்து திரும்பி வந்தபோது சளியில் ரத்தம். "உடம்புதான் தேறிடுச்சே, எதுக்கு இன்னும் ஊசின்னு வுட்டுட்டேன் டாக்டரம்மா" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வோர் ஊசிக்கும் அரைநாள் கூலி போகும். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்துவிட்டால் டெல்டாவில் நடவு யாருக்காகவும் காத்திருக்காது. தெம்பாக இருக்கிற ஆள் வயலுக்குப் போவாரா, கிளினிக்குக்கு வருவாரா?

இந்த இடத்தில்தான் கம்பவுண்டர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். என்னிடம் சேருவதற்கு முன் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். "தவணை தவறினவங்களுக்கு அங்க ஒரு நோட்டு உண்டு டாக்டரம்மா. அது மாதிரி இங்கயும் ஒண்ணு போட்டுடலாம்" என்றார். மறுநாளே ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பெயர், ஊர், தெரு, அடுத்து வர வேண்டிய தேதி, வராவிட்டால் யார் மூலம் சொல்லியனுப்புவது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நோட்டின் உயிர் இருந்தது. டீக்கடைக்காரர், பால்காரர், டவுன் பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார் என்று அதில் எழுதியிருப்போம். இன்ன நோய் என்று யாரிடமும் சொல்வதில்லை. "டாக்டரம்மா ஒரு நடை வந்துட்டுப் போவச் சொன்னாங்க." செய்தி இவ்வளவுதான். பாதிப் பேர் அதற்கே வந்துவிடுவார்கள்.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வை அப்போதுதான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுப் பார்த்தவர்களையும், நெருக்கடியான குடிசைகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. இரு பக்கமும் பலன் ஏறக்குறைய ஒன்றே. உலகம் முழுக்கக் காச சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால், மருந்து உள்ளே போகிறதா என்பதை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

ரிஃபாம்பிசின் எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்தபோது சிகிச்சை ஆறு மாதமாகக் குறுகியது. அதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. முதல் மாத்திரை போட்டதுமே சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். சொல்லிவிட்டால் அதே நிறம் எனக்குச் சாட்சியாகிவிடும். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, காலையில் என்ன நிறத்தில் போனது என்று கேட்பேன்.

1997இல் அரசின் திருத்தப்பட்ட காசநோய்த் திட்டம் வந்து, பணியாளர் கண்ணெதிரே மாத்திரை விழுங்குவது நடைமுறையானது. 2012 முதல் எங்களைப் போன்ற தனியார் டாக்டர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். முன்பு சளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் தேடினோம். இன்று சிபிநாட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. சத்துணவுக்காக 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000. கூலி இழப்பு என்ற பழைய கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனாலும் கேள்வி காதில் விழுந்திருக்கிறது.

காசத்திலாவது முதல் இரண்டு மாதம் உடம்பு படுத்தும். ரத்தக் கொதிப்பில் அதுவும் கிடையாது. 180க்கு 110 வைத்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு தொந்தரவும் இல்லாதவரிடம் தினமும் ஒரு மாத்திரை போடுங்கள் என்றால், வியாபாரம் பண்ணுகிறேன் என்று நினைப்பார். நான் தொழிலுக்கு வந்த காலத்து மாத்திரைகளும் அப்படி. ரிசர்பின் கலந்தவை மூக்கை அடைக்கும், சிலருக்கு மனத்தைச் சோர்வாக்கும். சும்மா இருந்தவருக்கு மருந்தால் தொந்தரவு வந்தது என்றால் யார் தொடர்வார்கள்? அம்லோடிபின் போன்ற மாத்திரைகள், நாளுக்கு ஒன்று, சில ரூபாய்க்குள் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த வியாதி எங்கள் கைக்குள் வந்தது.

இடையில் ஒரு பழக்கம் நாடு முழுக்க இருந்தது. பிபி ஏகத்துக்கு ஏறியிருந்தால் நிஃபெடிபின் காப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கடியில் பிழிவார்கள். அரை மணியில் எண் இறங்கும். எல்லோர் முகத்திலும் திருப்தி. 1990களின் நடுவில் மருத்துவ இதழ்கள் இதை நிறுத்தச் சொல்லி எழுதின. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் திடீரென்று ரத்தம் குறைந்தால் அதுவே பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவந்துவிடும். எண்ணைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். வருடக்கணக்கில் ஏறியதை வாரக்கணக்கில் இறக்கினால் போதும்.

நோட்டில் தேதி தவறிய பிபிக்காரர்களைப் பெரும்பாலும் பக்கவாதத்தில்தான் மறுபடி பார்த்தோம். வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து, புறா ரத்தம் தடவி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "முகம் கோணினா, கை தூக்க முடியலன்னா, பேச்சு குழறினா, எண்ணெய் தேடாதீங்க, வண்டியைத் தேடுங்க" என்று இப்போது ஒவ்வொரு பிபி நோயாளியின் வீட்டாரிடமும் சொல்லிவைக்கிறேன். நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு அவரால் பேச முடியாது.

சர்க்கரைக்கு வருகிறேன். பெனடிக்ட் கரைசல் 5 மில்லியில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால் நிறம் மாறும். நீலம் அப்படியே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை கூடுதல். அந்தப் பரிசோதனை துல்லியமற்றது. சிறுநீரில் சர்க்கரை தெரிவதற்குள் ரத்தத்தில் அது எகிறியிருக்கும். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. நோயாளி தன் கண்ணால் பார்ப்பார். குழாயில் செங்கல் நிறம் திரளும்போது, அன்று காலை சாப்பிட்ட பொங்கலையும் கேசரியையும் நான் கேட்காமலே சொல்லிவிடுவார்.

குளுக்கோமீட்டர் வந்த பிறகு வேறு விளையாட்டு ஆரம்பித்தது. நாளைக்கு டெஸ்ட் என்றால் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து வருவார்கள், பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பையனைப் போல. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அந்தத் தந்திரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. "என்னங்கம்மா இது, தீபாவளிக்குச் சாப்பிட்டதெல்லாம் இப்ப சொல்லுது" என்று ஒரு பெரியவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிளிபென்கிளமைடு மாத்திரை அந்த நாளில் எங்களுக்குப் பெரிய ஆயுதம். விலை மலிவு, வேலை பலம். ஒரு வைகுண்ட ஏகாதசி இரவு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பகல் முழுக்கப் பட்டினி. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்திருந்தது, பேச்சு இல்லை. விழித்திருந்த களைப்பு என்று வீட்டில் படுக்கவைத்திருக்கிறார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி பாதி போவதற்குள் கண்ணைத் திறந்து, "பொழுது விடிஞ்சுடுச்சா, பாரணை பண்ணலாமா?" என்று கேட்டார். வீட்டார் உடனே கூட்டிப்போகத் தயாரானார்கள். நான் விடவில்லை. இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாளுக்குமேல் உடம்பில் நிற்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். அந்த ராத்திரியிலேயே இன்னொரு முறை இறங்கவும் செய்தது.

அதன்பின் நோட்டில் ஒரு கட்டம் கூடியது: விரதம். ஏகாதசி, சஷ்டி, ஆடி வெள்ளி. கூத்தாநல்லூர், பொதக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரமலான். விரதம் இருக்காதே என்று சொல்லும் டாக்டரிடம் அந்த விஷயத்தைச் சொல்லவே மாட்டார்கள். ஆகவே, "அடுத்த மாசம் விரதம் ஏதாச்சும் இருக்கா?" என்று நானே கேட்டு, அந்த நாளைக்கு மாத்திரையைக் குறைத்தோ நேரம் மாற்றியோ எழுதிக் கொடுப்பேன். இருக்கக்கூடாத நிலையில் இருப்பவர்களிடம் அதையும் சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள், முதலில் மதித்துக் கேட்டதால்.

இன்னொன்று, கால். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவது நம் மரியாதை. சர்க்கரைக்காரர்கள் மட்டும் செருப்போடு வர வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டினேன். பாதத்தையும் பார்ப்பேன், செருப்பையும் புரட்டிப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு ரப்பர் செருப்பில் ஆணி ஒன்று அடியிலிருந்து மேலே முளைத்து நின்றது. அதன்மேல் நாள் முழுக்க நடந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாதத்தில் துளை, வலி இல்லை. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடக்கிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். அவர்களில் சர்க்கரை உள்ளவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: வேண்டுதல் மனதில் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், ராத்திரி தங்கும் இடத்தில் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈரமணல் போட்ட மண்பானையில் பாட்டிலை வைக்கக் கற்றுக்கொடுத்தோம். அது நன்றாகவே வேலை செய்தது. அதைவிடக் கவனமாகச் சொல்ல வேண்டியது சிரிஞ்சைப் பற்றி. நம் ஊரில் 40 பலமும் உண்டு, 100 பலமும் உண்டு. 100 மருந்தை 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணெதிரே இழுத்துக் காட்டச் சொல்வேன்.

மாரடைப்புக்கு எங்கள் ஊரில் பெயர் கேஸ். சோடா, இஞ்சிச்சாறு, பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் ஆன பிறகுதான் டாக்டர். இதயத்தின் கீழ்ப்பக்கம் அடிபட்டால் மேல்வயிற்றில்தான் வலிக்கும், வாந்தியும் வரும். அதனால் அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நான் பார்ப்பது வேர்வையை. காற்றாடிக்கடியில் உட்கார்ந்தும் சட்டை நனைந்திருந்தால் அது கேஸ் ஆகாது. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் களைப்புமாகவும் வரும்.

தொண்ணூறுகளில் ஈசிஜி மெஷின் வாங்கியிருந்தேன். ஒரு சாயங்காலம் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை தானே டிவிஎஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். "கேஸ்தான், ஒரு ஊசி போட்டு அனுப்புங்கம்மா, லோடு நிக்குது." சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காகிதத்தில் கோடு மேலெழும்பி வந்தது. ஆஸ்பிரினை மென்று விழுங்கவைத்தேன். மாரடைப்பின்போது கொடுக்கும் ஆஸ்பிரின் தனியாகவே இறப்பைக் கணிசமாகக் குறைக்கும் என்று 1988இல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. வலிக்கு மருந்து, நரம்பில் ஊசி வைத்துத் தயார். வாடகை அம்பாசிடரில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். கம்பவுண்டர் அண்ணனும் கூடப் போனார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலம் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் முன்னும் பின்னும் போகும். நாகை சாலை முழுக்க வண்டிகள் நிற்கும். கேட் திறக்கும்வரை கார் அங்கேயே நின்றது. மனிதர் பிழைத்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் செய்ய முடிந்ததை இந்தப் பக்கமே செய்துவிட வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது என்பது எனக்கு அன்று விதியானது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010இல் திருவாரூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த விதியை அரசாங்கமே எழுதிவைத்துவிட்டது.

2009இல் வந்த அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கும் ஸ்டென்ட்டைக் கொண்டுவந்தது. கூலிக்காரர் ஒருவர் ஆஞ்சியோ முடித்துவிட்டு நடந்து வருவதைப் பார்ப்பது எண்பதுகளில் கனவிலும் வராத காட்சி. ஆனால் பழைய பேச்சு புது உருவில் திரும்பி வந்தது. "அடைப்பைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" ஸ்டென்ட் வைத்த முதல் வருடம் மாத்திரையை நிறுத்தினால் அந்தக் கம்பிச் சுருளுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். நோட்டில் இவர்களுக்குச் சிவப்பு மையில் பெயர் எழுதினோம். ஆஸ்துமாக்காரர்களிடமும் இதே கதைதான். மூச்சு வாங்கும்போது ஊசி கேட்பார்கள். வாங்காதபோது இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதிலும் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடானால் அலமாரிக்கும் பின்னால்.

இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் என் வேலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இப்போது ஒரே ஆளுக்குச் சர்க்கரை டாக்டர், இதய டாக்டர், சிறுநீரக டாக்டர், முட்டிவலிக்கு ஒருவர் என்று தனித்தனிச் சீட்டு. மஞ்சள் பையோடு வருபவரிடம், "பையை மேஜையில கொட்டுங்க ஐயா" என்பேன். ஒருவர் கொட்டியதில் மெட்ஃபார்மின் இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது, இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே சீட்டே இல்லாத வலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பாதி பழுது. பிபி இறங்காததற்குக் காரணமும் அந்த வலி மாத்திரைதான். அன்று நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. மூன்று அட்டைகளை எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பிபி இறங்கியிருந்தது.

2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போக ஆரம்பித்தது. தனியார் டாக்டர் நண்பர்கள் சிலர் தொழில் போய்விடும் என்று முணுமுணுத்தார்கள். என் நோயாளிகளில் பலரை நானே அதில் சேர்த்துவிட்டேன். மாத்திரையை அவர்கள் கொடுக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை கண், கால், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க என்னிடம் வரட்டும்.

கம்பவுண்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். என்னோடு உட்காரும் இளம் டாக்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். தேதி தவறினால் செல்போனுக்குச் செய்தி போகிறது. எண்ணை மாற்றிவிட்டவர்களுக்கும், திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் அது போய்ச் சேர்வதில்லை. அதற்காக, பழைய நோட்டின் கடைசிக் கட்டத்தை அப்படியே கம்ப்யூட்டரிலும் வைக்கச் சொன்னேன்: யார் மூலம் சொல்லியனுப்புவது.

இளம் டாக்டருக்கு நான் சொல்லிக்கொடுத்தவை கொஞ்சம்தான். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ஊரே ஆமாம் என்றுதான் சொல்லும். எத்தனை மீதி இருக்கிறது என்று கேள். அறுவடைக்குமுன் விலை கூடிய மருந்தை எழுதாதே. எழுதினால் பாதிதான் வாங்குவார்கள். விட்டுவிட்டு மறுபடி வருகிறவரை உட்காரவைத்து, முதலில் வந்ததற்குச் சந்தோஷப்படு. திட்டு வாங்கியவர் அடுத்த முறை இன்னொரு டாக்டரிடம் போவார், இல்லையென்றால் யாரிடமும் போகமாட்டார். நாம் திட்டியதால் யாருக்கும் இன்றுவரை பிபி இறங்கியதில்லை.